சொந்தக் காசில் முதல் தீபாவளி

பெற்றோர் வீட்டில் இருக்கும்வரை தீபாவளி தானாக வந்து நிற்கும். விடிவதற்கு முன் எழுப்பித் தலையில் எண்ணெய் வைப்பார்கள். மூலையில் மஞ்சள் தடவிய புதுத்துணி இருக்கும், டப்பா நிறைய முறுக்கு இருக்கும். அவற்றை யார், எப்போது, என்ன விலை கொடுத்து வாங்கினார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிறகோ, வேலைக்காக வேறு ஊரில் வீடு எடுத்த பிறகோ வரும் முதல் தீபாவளியில்தான் அந்தக் கணக்கு முழுவதும் நம் கைக்கு வருகிறது. போனஸ் வந்த வாரமே கரைந்து, கார்த்திகை மாத வாடகைக்குக் கைமாற்று கேட்கும் நிலைக்குப் பல இளம் குடும்பங்கள் போவது இந்த முதல் சில வருடங்களில்தான். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எத்தனையோ வீடுகளின் தீபாவளிக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: செலவை ஏற்றுவது கடைசிப் பத்து நாள். அந்த நாட்களில் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது, பேரம் பேச இடம் இருக்காது, விலை விசாரிக்க இன்னொரு கடைக்குப் போகக் கால் வராது. கிடைத்ததைச் சொன்ன விலைக்கு வாங்குவோம். ஆகவே வேலைகளை மாதங்களுக்குப் பிரித்துவிடுவதே வழி. ஆடியில் தொடங்கினால் ஐப்பசியில் நிம்மதியாக இருக்கலாம்.

தொகை முதலில், பட்டியல் பிறகு

பெரும்பாலான வீடுகளில் வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டினால் எப்போதும் கையிருப்பைத் தாண்டித்தான் நிற்கும். மாறாக, இந்தத் தீபாவளிக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு அதைப் பங்கு பிரியுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணிக்கு 6,000, ஊருக்குப் போய்வர 3,000, பலகாரத்துக்கு 2,500, வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் தெருவில் உழைப்பவர்களுக்கும் 2,000, பட்டாசுக்கு 1,000, மீதி 500 எதிர்பாராத செலவுக்கு என்று பிரிக்கலாம். உங்கள் தொகை இதில் பாதியாக இருக்கலாம், இரு மடங்காகவும் இருக்கலாம். எல்லாத் தலைப்பும் தாளில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் துணி, பலகாரம், பட்டாசு மூன்றையும் எழுதிவிட்டுப் பயணத்தையும் இனாமையும் விட்டுவிடுவார்கள். கடன் அங்கேதான் பிறக்கிறது. கடைசி 500 ரூபாயையும் அலட்சியமாக நினைக்காதீர்கள். ரவிக்கைக்கு லைனிங் துணி, மழையில் பிடித்த ஆட்டோ, திடீரென்று வந்த விருந்தாளி எல்லாம் அதில்தான் அடங்கும்.

இந்தத் தொகையில் போனஸைச் சேர்க்காதீர்கள். போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு நவம்பர் கடைசிவரை அவகாசம் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் வரலாம், முடிந்த பிறகும் வரலாம். வந்தால் அது அடுத்த வருடத்துக்கான முதல் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைச் சேர்க்கும் இடம்

15,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,250. வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., தொடங்கி, சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிடுங்கள். வங்கி ஆர்.டி.யை ஆறு மாதத்துக்குக்கூடத் தொடங்கலாம். தபால் அலுவலக ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம் என்பதால் இந்த வேலைக்குப் பொருந்தாது.

கைத்தறித் துணி உடுத்தும் வீடாக இருந்தால் கோ-ஆப்டெக்ஸின் ‘கனவு நனவு’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பதினோரு மாதம் நீங்கள் கட்டுகிறீர்கள், பன்னிரண்டாவது மாதத் தவணையை நிறுவனம் கட்டுகிறது. முதிர்வுத் தொகைக்குத் துணி எடுக்கும்போது 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. பட்டோ காட்டன் சேலையோ எப்படியும் எடுக்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி குறைவு.

தெருவில் யாரோ ஒருவர் நடத்தும் தீபாவளிச் சீட்டைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாதம் 500 ரூபாயோ 1,000 ரூபாயோ கட்டினால் தீபாவளிக்கு எண்ணெய், சர்க்கரை, பட்டாசுப் பெட்டி, வெள்ளிக் காசு எல்லாம் வீடு தேடி வரும் என்பார்கள். சிலர் நேர்மையாகவே நடத்துகிறார்கள். ஆனால் சீட்டுக் கட்டியவர்கள் காவல் நிலைய வாசலில் நிற்கும் செய்தியும் தீபாவளி நேரத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒழுங்குமுறைக்கு உட்படாமல் பொதுமக்களிடம் இப்படி வைப்புப் பணம் திரட்டுவதைத் தடுக்க 2019-ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது. சட்டம் இருந்தாலும், போன பணம் அந்தத் தீபாவளிக்குள் திரும்பி வராது. வீட்டு வேலை செய்து வயிறு கழுவும் பெண்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள் என்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு ஆர்.டி. கணக்குத் தொடங்க வங்கிக்குத் துணையாகப் போய் வாருங்கள்.

ஆடி: துணி

ஆடித் தள்ளுபடி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நடக்கிறது. கல்யாணம் இல்லாத மாதம், வியாபாரம் மந்தமான மாதம் என்பதால் பிறந்த வழக்கம் அது. தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வருவது நமக்கு வசதி. வேட்டி, துண்டு, உள்ளாடை, நைட்டி, பெரியவர்களுக்கான சேலை, போர்வை ஆகியவற்றை இப்போதே எடுத்துவிடலாம். இவற்றில் புது டிசைன் என்று எதுவும் பெரிதாக மாறிவிடாது. குழந்தைகளின் துணியை மட்டும் புரட்டாசிவரை தள்ளிவையுங்கள். மூன்று மாதத்தில் அளவு மாறிவிடும்.

ஆடியில் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பார்க்காதீர்கள், கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று மட்டும் பாருங்கள். ‘50 சதவீதம்’ என்ற அட்டை தொங்கும் சட்டையின் விலை, பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாத சட்டையின் விலையாக இருக்கும். பழைய சரக்கில் மடிப்புக் கோட்டில் வெளுத்திருக்கிறதா, சேலையில் இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மாற்றித் தருவார்களா என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

விலைச்சீட்டைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கும் நினைவில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிக்கு முன் 2,500 ரூபாய் உள்ள ஆடைக்கு 125 ரூபாய் வரி சேர்ந்து 2,625 ஆகும். வரிக்கு முன் 2,600 ரூபாய் உள்ள ஆடைக்கு 468 ரூபாய் வரி சேர்ந்து 3,068 ஆகும். நூறு ரூபாய் வித்தியாசம் கையில் 443 ரூபாயாகிறது. சீட்டில் வரியும் சேர்ந்தே அச்சாகியிருப்பதால் இது கண்ணுக்குப் படுவதில்லை. அந்த எல்லையை ஒட்டிய விலையில் இரண்டு ஆடை பிடித்திருந்தால் கீழே உள்ளதை எடுங்கள்.

எங்கே எடுப்பது? சென்னையில் எல்லோரும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குத்தான் ஓடுகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் குழந்தைகளின் துணியும் தினசரி உடுத்தும் துணியும் விலை குறைவாகக் கிடைக்கும். மதுரையில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி. ஈரோட்டுப் பக்கம் உறவினர் இருந்தால் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை. வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும். மொத்த வியாபாரிகளுக்கான இடம் என்பதால் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் நல்ல விலை கிடைக்கும். பனியன், டி-ஷர்ட், பைஜாமா வகைக்குத் திருப்பூர் காதர்பேட்டை. எந்த ஊரானாலும் வார நாளில், காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். கூட்டம் இல்லாத கடையில்தான் விற்பனையாளர் பொறுமையாக எடுத்துப் போடுவார்.

துணிக்கடைக்குப் போகும்போது யாருக்கு என்ன, எந்த அளவு, எவ்வளவு விலைக்குள் என்று எழுதிய துண்டுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். மாமியாருக்கு ஒரு சேலை என்று போய், ‘இரண்டு எடுத்தால் மூன்றாவது இலவசம்’ என்பதைக் கேட்டு மூன்று சேலையோடு வருவது சேமிப்பு ஆகாது.

ஆவணி: டிக்கெட்

வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தீபாவளியின் பெரிய செலவு பயணம். இங்கே தேதியைத் தவறவிட்டால் வேறு எதில் மிச்சம் பிடித்தும் ஈடுகட்ட முடியாது.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய 120 நாள் கணக்கிலேயே இருப்பவர்கள் இன்னும் உண்டு. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு, நவம்பர் 6, கிளம்ப வேண்டுமானால் செப்டம்பர் 7 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஞாயிறு கொண்டாடிவிட்டுத் திங்கட்கிழமை, நவம்பர் 9, திரும்ப வேண்டுமானால் செப்டம்பர் 10. இந்த இரண்டு தேதியையும் இன்றே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். பாண்டியன், நெல்லை, பொதிகை போன்ற ரயில்களில் இருக்கைகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்பதிவு திறக்கும் அந்த நேரத்தில் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இருப்பவர்களால் மட்டுமே இணையத்தில் டிக்கெட் எடுக்க முடியும் என்பதால், அந்தச் சரிபார்ப்பை ஆடியிலேயே முடித்துவிடுங்கள். பயணிகளின் பெயர், வயது விவரத்தையும் முன்கூட்டியே கணக்கில் பதிந்துவைத்தால் தட்டச்சு செய்யும் நேரம் மிச்சம்.

இரவு ரயில் கிடைக்காவிட்டால் வைகை, பல்லவன் போன்ற, பகலில் கிளம்பும் ரயில்களைப் பாருங்கள். அரை நாள் விடுப்பு போனாலும், பண்டிகை நாளில் ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் குடும்பத்துக்கு லாபம்தான். ஊர்வரை கிடைக்காவிட்டால் திருச்சிவரை ரயிலில் போய் அங்கிருந்து அரசு பஸ்ஸில் போகலாம். தீபாவளிக்கு அரசு போக்குவரத்துக் கழகங்கள் சென்னையிலிருந்து கிளாம்பாக்கம், மாதவரம், கோயம்பேடு வழியாகச் சிறப்பு பஸ்களை விடுகின்றன. எந்த ஊருக்கு எந்த நிலையம் என்ற பட்டியல் சில நாட்களுக்கு முன் வெளியாகும். மாற்றி நின்றால் ஆட்டோவுக்கே பஸ் டிக்கெட் அளவு போய்விடும். ஆகவே அதை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

‘இந்த வருடம் போகாமல் இருந்தால் 3,000 மிச்சம்’ என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வயதான பெற்றோர் ஊரில் காத்திருந்தால் அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியாது. துணியில் குறையுங்கள், பட்டாசை அடியோடு விடுங்கள், ஊருக்குப் போங்கள்.

புரட்டாசி: தையலும் மளிகையும்

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நல்ல தையற்காரர்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகு கொடுத்தால் அவசரக் கூலி, அதோடு அவசரத் தையல். ரவிக்கையும் பிள்ளைகளின் பாவாடை சட்டையும் புரட்டாசி முதல் வாரத்திலேயே தையற்காரர் கையில் இருக்க வேண்டும்.

மளிகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கெடாதவை: உளுந்து, கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை, ரவை, சர்க்கரை, வெல்லம், எண்ணெய், ஏலக்காய். இவற்றைப் புரட்டாசி மாத மளிகையோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிடலாம். நெய், முந்திரி, திராட்சை ஆகியவற்றைப் பலகாரம் செய்யும் வாரத்தில் வாங்கினால் போதும். ரவா லட்டுக்கும் மிக்சருக்கும் முழு முந்திரி தேவையே இல்லை. உடைந்த முந்திரியும் அதே ருசிதான், விலை கணிசமாகக் குறைவு.

ரேஷன் அட்டை இருந்தும் கடைக்குப் போகாத இளம் குடும்பங்கள் நிறைய உண்டு. அரிசி அட்டைக்குப் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் தவறாமல் வாங்கிவைத்தால் முறுக்கு சுட எண்ணெயும் லட்டுக்குச் சர்க்கரையும் தேறிவிடும். வாடகை வீட்டுக்கு மாறி வந்தவர்கள் அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி: பலகாரம்

வீட்டில் செய்தால்தான் மலிவு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காரப் பலகாரத்தை வீட்டில் செய்தால் கடை விலையில் பாதிகூட ஆகாது. அரிசி மாவும் உளுந்து மாவும் எண்ணெயும்தானே. முந்திரி, பால்கோவா சேர்ந்த இனிப்புகளில் அந்த லாபம் இல்லை. பாகு பதம் தப்பினால் நெய்யும் முந்திரியும் சேர்ந்து வீணாகும். அதனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு காரம், ஒரு எளிய இனிப்பு வீட்டில், பகட்டான இனிப்பு அரை கிலோ கடையில்.

முறுக்குக்கு நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. ரிப்பன் பக்கோடாவுக்கு இரண்டு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு கடலை மாவு. மாவை மில்லில் அரைத்துக்கொண்டால் பாக்கெட் மாவைவிடச் செலவு குறையும். ஆனால் தீபாவளி வாரத்தில் மில்லில் வரிசை நீளம், முன்பே போய்விடுங்கள். இனிப்பில் ரவா லட்டும் பொட்டுக்கடலை மாவு உருண்டையும் கை தப்பாதவை, பாகு காய்ச்சும் வேலை இல்லை. மைசூர்பாகு ஆசை இருந்தால் ஒரு பங்கு கடலை மாவுக்கு இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய் என்ற கணக்கில் ஒரே ஒரு கப் மாவில் தொடங்குங்கள். அதிரசத்தை அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும் வருடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எண்ணெய் மிச்சமாக வேண்டுமானால் சுடும் வரிசை முக்கியம். முதலில் தேன்குழல், முறுக்கு. அடுத்து ரிப்பன், ஓமப்பொடி. கடைசியில் வெல்லம் சேர்ந்த அதிரசம். வெல்லம் பட்ட எண்ணெய் கருத்துவிடும், அதில் வேறு எதையும் சுட முடியாது. கடாயில் ஒரேயடியாக எண்ணெயை நிரப்பாமல், குறையக் குறைய ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் மீந்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்கிப் பலகாரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், உடம்புக்குக் கேடு.

மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் ஆளுக்கு ஒரு பலகாரமாகச் செய்து பங்கிட்டுக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வகை இருக்கும், வேலை மூன்றில் ஒரு பங்கு, சமையல் எரிவாயுவும் மிச்சம்.

கடையில் இனிப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதிலேயே இனிப்பை அடுக்கி எடை போடுவார்கள். பெட்டியின் எடைக்கும் இனிப்பின் விலையைக் கொடுக்கிறோம். காலிப் பெட்டியை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு அடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை. பரிசுப் பெட்டி என்று தனியாக விற்பதைவிட, கிலோ கணக்கில் வாங்கி வீட்டிலேயே சின்னப் பெட்டிகளில் பிரித்தால் செலவு குறையும். ஆவினும் தீபாவளிக்கு நெய் இனிப்புகள் போடுகிறது. தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. பால் இனிப்புகள் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அவற்றை முதல் நாள் மட்டும் வாங்குங்கள்.

தீபாவளி லேகியத்தைப் புட்டியில் வாங்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் ‘தீபாவளி மருந்துச் சாமான்’ என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். பொடித்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்து இறக்கினால் ஒரு தெருவுக்கே போதும்.

பட்டாசு

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 மணி, மாலை 7 முதல் 8 மணி. உச்ச நீதிமன்றம் 2018-இல் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வகுத்ததன் தொடர்ச்சி இது. இரண்டு மணி நேரத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு கொளுத்த முடியும் என்று எண்ணிப் பார்த்தாலே பட்டியல் சுருங்கிவிடும். அதோடு ஐப்பசி அடைமழைக் காலம். மிஞ்சிய பட்டாசு நமத்துப்போகும். சின்ன வீட்டில் சேர்த்துவைப்பது ஆபத்தும்கூட.

பரிசுப் பெட்டி வாங்காதீர்கள். பெரிய பெட்டியில் பாதி இடம் காற்று, மீதியில் பாதி யாரும் தொடாத சரக்கு. கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம், பென்சில், கொஞ்சம் பிஜிலி என்று தனித்தனியாக எடுத்தால் பிள்ளைகள் விரும்புவது மட்டும் கைக்கு வரும். கூட்டுறவுப் பண்டகசாலைகளும் தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடுகின்றன. அங்கே விலையைக் கேட்டுவிட்டு மற்ற கடைக்குப் போங்கள். ‘80 சதவீதத் தள்ளுபடி’ என்பதற்குப் பட்டாசில் பொருளே இல்லை. அச்சிட்ட விலை அப்படி உயர்த்தி அச்சிட்டதுதான்.

சிவகாசியிலிருந்து நேரடியாக, பாதி விலைக்கு என்று கைப்பேசியில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பட்டாசை இணையத்தில் விற்பதையே உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. போலி இணையதளங்களில் பணம் இழந்தவர்கள் ஏராளம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஊருக்குப் போகும் ரயிலில் பட்டாசு எடுத்துச் செல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போகிற ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைக்கக் கூடாத செலவு

வீட்டு வேலை செய்பவர், காவலாளி, குப்பை எடுப்பவர், பால் போடுபவர், தெரு கூட்டுபவர். இவர்களுக்குக் கொடுப்பதைக் கடைசியில் மீந்த சில்லறையிலிருந்து கொடுக்கிறோம். அது சரியல்ல. அதனால்தான் முதல் தாளிலேயே அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கச் சொன்னேன். அதைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். அவர்களும் கடைசி நாள் விலையில் தவிக்காமல் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டாமா? வேலை செய்பவரிடம் சேலை வேண்டுமா, பணமா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பணம்தான் உதவும். நம் வீட்டில் மீந்த இனிப்பைக் கட்டிக் கொடுத்து அதைத் தீபாவளி இனாம் என்று கணக்கு எழுதக் கூடாது.

தலை தீபாவளி

புதுமணத் தம்பதிக்கு இது பெண் வீட்டாரின் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம், பட்டு வேட்டி, சம்பந்தி வீட்டுக்குச் சீர்ப் பலகாரம் என்று அந்தப் பெற்றோர் கல்யாணக் கடனோடு இன்னொரு கடனும் வாங்குவார்கள். இதைத் தடுக்க முடிந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். ஆவணியிலேயே மாமனாரிடம், “மாமா, எங்களுக்கு வேட்டியும் சேலையும் போதும். நகையெல்லாம் எடுத்தால் நாங்கள் சங்கடப்படுவோம்” என்று நேரில் சொல்லிவிடுங்கள். தன் பெற்றோரிடமும் மாப்பிள்ளையே பேச வேண்டும். மருமகள் வாயால் சொல்லவைக்காதீர்கள்.

தவணையில் டிவி

தீபாவளிச் சலுகையில் டிவி, பிரிட்ஜ் எடுக்கும் ஆசை வரும். தேவையென்றால் எடுக்கலாம். ஆனால் தீபாவளித் தொகையிலிருந்து அல்ல, அது தனிக் கணக்கு. ‘வட்டியில்லாத் தவணை’ என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லியிருக்கிறது. பரிசீலனைக் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதாகவோ அந்த வட்டி நம்மிடம்தான் வசூலாகிறது. ‘முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள், உண்மை விலை தெரிந்துவிடும். இணையக் கடைகளில் வாங்குகிறவர்கள், விற்பனைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பொருளின் விலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் முழுத் தொகையையும் கட்ட முடியாது என்று தெரிந்தே வாங்குவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி போகும்.

பதினைந்து நாளே மீதம் இருந்தால்

ஆடியும் ஆவணியும் போய்விட்டன, இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வேலை பயணம்: இன்று இரவே அரசு பஸ் முன்பதிவைப் பாருங்கள், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்ப முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாவது, வேலை செய்பவர்களுக்கான பணத்தைத் தனி உறையில் போட்டு வையுங்கள். மூன்றாவது, குழந்தைகளுக்கும் இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் மட்டும் ஆயத்த ஆடை எடுங்கள், தைக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் இருவருக்கும் கல்யாணத்துக்கு எடுத்து ஒருமுறை மட்டும் உடுத்தியது பெட்டியில் இருக்கும், அதை எடுத்து மஞ்சள் வைத்து உடுத்திக்கொள்ளுங்கள். பலகாரம் ஒரு காரம், ஒரு இனிப்பு. பட்டாசுக்குக் கம்பி மத்தாப்பு இரண்டு பெட்டி. தீபாவளி முடிந்த மறுவாரம், அடுத்த வருடத்துக்கான ஆர்.டி.யைத் தொடங்க வங்கிக்குப் போகும்போது ஆதார் அட்டையும் பான் அட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.